இருபத்து நான்கு மூடிகள்

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், ஜேக்கப் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு அக்காவின் காருக்குள் தலையை நுழைத்துவிடுவான். முன் இருக்கைகள் இரண்டையும் தூக்கி வெளியே வைத்தால் அடியில் எட்டு பேட்டரிகள். ஒரு பேட்டரிக்கு மூன்று மூடி. ஆக இருபத்து நான்கு மூடிகளையும் இடமிருந்து வலமாகத் திருகி எடுத்து, பழைய செய்தித்தாளில் அதே வரிசையில் அடுக்கி வைப்பான். மூடிகள் மாறிப்போனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆனாலும் மாறக் கூடாது அவனுக்கு. பிறகு கண்ணாடிக் குழாயை ஒவ்வொரு துளையிலும் விட்டு அமிலத்தை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் தக்கை காட்டுகிற எண்ணை நோட்டில் எழுதுவான். எழுதியதில் சந்தேகம் வந்து இன்னொரு முறை பார்ப்பான். கடைசியில் வெள்ளைக் கேனிலிருந்து பேட்டரித் தண்ணீரை, தகடுகள் மூழ்கும் அளவுக்கு, சின்னப் புனல் வைத்து ஊற்றுவான்.

பெட்ரோல் கேட்காத கார் அது. வீட்டு மின்சாரத்தில் எட்டு மணி நேரம் போட்டு வைத்தால் எழுபது கிலோமீட்டர் ஓடும் என்று சொல்லி, பாண்டிச்சேரியில் ஒரு டாக்டர் 2009இல் அதை அவர்களுக்கு விற்றார். கடலூர் முதுநகரில் அவர்கள் தெருவில் யாரும் அதைக் காராகவே மதிக்கவில்லை.

"இன்னாடா ஜேக்கு, பொம்மைக்குப் பால் குடுத்தாச்சா?" என்று எதிர்வீட்டு புஷ்பவள்ளி ஒவ்வொரு ஞாயிறும் கேட்பாள்.

"குடுத்துட்டேன்க்கா. ஏப்பம் வுடற வரைக்கும் தோள்ல போட்டு தட்டணும், வர்றீங்களா?" என்பான்.

ஆனால் அக்கா நித்யா மேரிக்கு அது பொம்மை இல்லை. மூன்று வயதில் வந்த காய்ச்சலில் அவளுடைய இடது கால் சூம்பிப் போனது. இரும்புப் பட்டை கட்டித்தான் நடப்பாள். சிதம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக வேலை கிடைத்தபோது, தினமும் பஸ்ஸில்தான் போய் வந்தாள். இரண்டாவது வருஷம், படியில் கால் வைக்கும்போதே டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டான். விழுந்ததில் மணிக்கட்டு உடைந்தது. அதற்குப் பிறகு எந்தப் பஸ்ஸின் படியைப் பார்த்தாலும் அவளுக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். இந்தக் காரில் கிளட்ச் இல்லை, கியர் இல்லை. ஒரு காலே போதும். நாற்பத்தைந்து கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போய், பள்ளி வாட்ச்மேன் அறையில் சார்ஜ் போட்டுவிட்டு, மாலையில் ஓட்டிக்கொண்டு திரும்புவாள். முதல் நாள் வீட்டுக்கு வந்து சாவியை மேசை மேல் வைத்தபோது, "டேய், இன்னைக்கு ஒருத்தர் கையக்கூடப் புடிக்கலடா நான்" என்றாள். அந்த வாக்கியத்தை ஜேக்கப் அன்றே நோட்டில் எழுதி வைத்தான்.

ஜேக்கப்புக்கு இருபத்து மூன்று வயது. பகலில் ஒரு மர டிப்போவில் பில் போடும் வேலை. மாலையில் பாலிடெக்னிக்கில் பகுதி நேர டிப்ளமா. ஆறரை மணி வகுப்புக்கு ஆறே காலுக்கே போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, வாத்தியார் சொல்வதை ஒன்று விடாமல் எழுதுவான். எழுதியது புரிந்ததா என்று கேட்டால் மட்டும் முழிப்பான். அப்பா யாகப்பன் இறந்த பிறகு வீட்டில் ஆண்பிள்ளை என்று அவன் ஒருவன்தான். அந்தக் காரைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு ஒன்றைத்தான் அவன் முழுசாகத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் கொடுத்த பேட்டரிகள் ஒரு வருஷத்தில் செத்தன. பழசு, போகத்தான் செய்யும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்கள். 2010 ஜூனில் நித்யா தன் சேமிப்பைத் துடைத்தெடுத்து, மஞ்சக்குப்பத்தில் பேட்டரிக் கடை வைத்திருந்த ஆண்டியிடம் எட்டும் புதிதாக வாங்கிப் போட்டாள்.

"நாலு வருஷத்துக்கு என் மூஞ்சியப் பாக்க வேணாம் டீச்சர்" என்றான் ஆண்டி. "வழியில பாத்தா வணக்கம் மட்டும் சொல்லுங்க, போதும்."

எட்டு மாதம் கூட ஆகவில்லை. ஜனவரியில் மூன்று துளைகளில் தக்கை எழும்பவே இல்லை, சார்ஜ் நிற்கவில்லை என்று அர்த்தம். ஆண்டி வந்து பார்த்தான், தலையைச் சொறிந்தான், உத்தரவாதத்தில் இரண்டு பேட்டரிகளை மாற்றிக் கொடுத்தான். மாற்றிய இரண்டும் மார்ச்சில் படுத்தன, கூட இன்னும் இரண்டு. மறுபடியும் மாற்றினான். இந்த முறை அவன் வேடிக்கையாக எதுவும் பேசவில்லை.

ஜேக்கப் தன்னையே சந்தேகப்பட்டான். தண்ணீரை அதிகமாக ஊற்றுகிறோமோ? சார்ஜரை சீக்கிரம் பிடுங்குகிறோமோ? மின்வெட்டு வந்து போகிற நேரங்களை எல்லாம் குறித்துப் பார்த்தான். அளவுக் குழாய் தப்பாகக் காட்டுகிறதோ என்று இன்னொன்று வாங்கினான். இரண்டும் ஒரே எண்ணைத்தான் காட்டின.

பிளஸ் டூ பரீட்சையின் கடைசி வாரம். தேர்வு அறைக் கண்காணிப்பு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நித்யாவின் கார் புதுச்சத்திரம் தாண்டியதும் நின்றுவிட்டது. காலை எட்டரைக்கே வெயில் ஏறியிருந்தது. முந்திரித் தோப்பு ஓரமாக, கதவைத் திறந்துபோட்டு, பட்டை கட்டிய காலை வெளியே நீட்டி உட்கார்ந்தபடி அவள் ஜேக்கப்புக்குப் போன் செய்தாள். அவன் ஒரு குட்டி யானை வண்டியைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் பத்து மணி ஆகிவிட்டது. பரீட்சை தொடங்கியிருந்தது. அவன் போனபோது இரண்டு பேர் காரைச் சுற்றி நின்று, "தள்ளிப் பாக்கலாமா டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நித்யா ரோட்டையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதால் நன்றாக இருக்குமே என்று ஜேக்கப்புக்குத் தோன்றியது.

அதே வண்டியில் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தவளுக்கு அன்று மாலை தலைமையாசிரியை சௌந்தரம் மெமோ கொடுத்தார். கெட்டவர் இல்லை. "அரசாங்கப் பரீட்சை மேரி. இன்னொரு தடவை ஆச்சுன்னா என்னாலயும் காப்பாத்த முடியாது. ஜூன்லருந்து டைமுக்கு வர்றதுக்கு ஒரு வழி பண்ணு. இல்லன்னா இங்கயே ரூம் எடுத்துத் தங்கிடு" என்றார்.

கடலூர் திரும்பியதும் நித்யா ஜேக்கப்பிடம் நேராக ஆண்டியின் கடைக்குப் போகச் சொன்னாள். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"பழசுக்குப் புது பெயிண்ட் அடிச்சு என் தலையில கட்டினீங்களா அண்ணே?"

"டீச்சர், வார்த்தைய அளந்து பேசுங்க. பதினாறு வருஷமா கடை வெச்சிருக்கேன்."

"பதினாறு வருஷமா எத்தினி பேரு நடுரோட்டுல நின்னாங்களோ. அவுங்களுக்குக் கால் இருந்திருக்கும், நடந்து போயிருப்பாங்க."

ஆண்டியின் முகம் சுருங்கியது. அவன் ஜேக்கப்பைப் பார்த்தான். "தம்பி, நீ வாரா வாரம் நம்பர் எழுதறவன். நீ சொல்லு. எம் மேல தப்பா?"

ஜேக்கப்பால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. தரையைப் பார்த்தான். அந்த மௌனத்தை எல்லோரும் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் அவர்கள் கோவிலின் பங்குக் குடும்பங்கள் முழுக்க அது பரவிவிட்டது. டிப்போவில்கூட ஒருவன், "ஆண்டி கடைல பேட்டரி எடுக்காதீங்கப்பா, ஊனமான பொண்ணையே ஏமாத்தினவன்" என்றான். ஜேக்கப் பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அந்த மௌனம்தான் அவனை அரித்தது. மாலை வகுப்பில் பக்கத்தில் உட்காருகிற எழிலனிடம் எல்லாவற்றையும் சொன்னான். எழிலன் பகலில் ஒரு தொழிற்சாலையின் தண்ணீர் சுத்திகரிப்புப் பிரிவில் வேலை செய்பவன்.

"எல்லாத்தையும் அளந்த. ஊத்தற தண்ணிய அளந்தியா மச்சான்?" என்றான் எழிலன்.

"அது சீல் வெச்ச கேன்டா. கடைல வாங்கறது."

"சீல பாத்தா தண்ணி தெரியுமா? உப்பு கலந்திருந்தா தகடு அரிச்சுப் போயிரும். நம்ம முதுநகர் தண்ணி வேற, வாயில வெச்சா கடலே தேவல." மறுநாள் அவன் ஒரு பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் சில்வர் நைட்ரேட் கொண்டுவந்து கொடுத்தான். "நல்ல தண்ணியில ரெண்டு சொட்டு வுடு, ஒண்ணும் ஆகாது. உப்பு இருந்தா பால் மாதிரி திரியும். கையில படாம பாத்துக்க, கறுத்துரும்."

ஜேக்கப் ஏப்ரல் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை புதுக் கேன் வாங்கினான். சீலை உடைத்ததும் ஒரு டம்ளரில் கொஞ்சம் எடுத்து இரண்டு சொட்டு விட்டான். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. நம்பாமல் இன்னொரு டம்ளரிலும் பார்த்தான். தெளிவு. கேனை வழக்கம்போல உள் கதவுக்குப் பின்னால் வைத்தான். ஞாயிற்றுக்கிழமை மூடிகளை எல்லாம் கழற்றி அடுக்கிவிட்டு, ஊற்றுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று டம்ளரில் எடுத்து இரண்டு சொட்டு விட்டான்.

பால் கலந்ததுபோல் வெளுத்தது.

முதலில் டம்ளரைத்தான் சந்தேகப்பட்டான். சோறு ஒட்டியிருந்ததோ? நன்றாகக் கழுவி, அதே கேன் தண்ணீரில் அலசி, மறுபடியும் பார்த்தான். வெளுத்தது. மூன்றாவது முறையும் வெளுத்தது. அன்று அவன் தண்ணீர் ஊற்றாமலே மூடிகளை மூடினான்.

மறு வாரமும் ஒரு புதுக் கேன் வாங்கினான். வெள்ளிக்கிழமை பார்த்தபோது தெளிவு. சனிக்கிழமை காலையும் தெளிவு. அன்று மதியம் டிப்போவில் தலைவலி என்று சொல்லிவிட்டு இரண்டு மணிக்கே வந்துவிட்டான். நித்யா விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு, கூட வேலை செய்யும் ஒரு டீச்சரின் காரில் போயிருந்தாள். பின்பக்க வழியாக வீட்டுக்குள் வந்தவன் அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டான்.

அம்மா ஆரோக்கியம்மாள் உள் கதவுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்திருந்தாள். முக்காடு போட்டிருந்தாள். கேனின் மூடி திறந்திருந்தது. மடியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோணியார் கோவிலில் உப்பும் மிளகும் காணிக்கை வைத்துவிட்டு, மந்திரித்த உப்பைக் கொஞ்சம் வாங்கி வந்து அவள் அந்தப் பாட்டிலில் சேர்த்து வைப்பாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வாசற்படியில் தூவுவாள், பரீட்சை நாளில் நாக்கில் வைப்பாள். இப்போது அவள் அந்த உப்பிலிருந்து மூன்று விரல்களால் ஒரு சிட்டிகை எடுத்துக் கேனுக்குள் போட்டாள். "பிதா" என்றாள். இன்னொரு சிட்டிகை, "சுதன்." மூன்றாவது, "பரிசுத்த ஆவியின் பேராலே." கேனை மூடி, மேல்பக்கம் சிலுவை வரைந்து, இரண்டு கையாலும் தூக்கிக் குலுக்கினாள். நிமிர்ந்தபோது மகனைப் பார்த்தாள். திடுக்கிடவில்லை. வெட்கப்பட்டதுபோலச் சிரித்தாள்.

"எப்ப வந்த? சோறு போடட்டா?"

"இன்னாம்மா பண்றீங்க?"

"உங்கக்காகிட்ட சொல்லிடாதடா. கணக்கு டீச்சரு, சிரிப்பா." முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "போன வருஷம் பழைய பேட்டரில ஒரு தடவ நடுவழியில நின்னுட்டு வந்தாளே, அன்னையிலருந்து போடறேன். ஒரு வாரம்கூட வுட்டதில்ல. பாரு, எத்தினி தடவ வண்டி நின்னுது. எங்கயாவது மோதுச்சா? கவுந்துச்சா? லாரி ஓடற ரோட்டுல ஒரு கீறல் இல்லாம வந்து சேர்றாளே, அது யாரால?"

ஜேக்கப் வாயைத் திறந்தான். சொல்ல வேண்டியது மிகச் சின்ன விஷயம். உப்பு பேட்டரிக்கு ஆகாதும்மா. ஐந்து வார்த்தைகூட இல்லை.

அவள் பாட்டிலை இறுக்கி மூடிக்கொண்டே பேசினாள். "அவளுக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒம்போது நாள் நவநாள் வேண்டிக்கிட்டேன். உங்கப்பா கத்தினாருன்னு ஏழாம் நாளே பாதில வுட்டுட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடினேன். மீதி ரெண்டு நாளும் இருந்திருந்தா கால் வந்திருக்கும்டா. என் கையாலதான் போச்சு. அதுக்கப்புறம் நான் எதையும் பாதில வுடறதில்ல."

அம்மா அதைச் சொல்லி அவன் கேட்டதே இல்லை. இருபத்தாறு வருஷமாக அவள் நெஞ்சில் இருந்தது அந்த இரண்டு நாட்கள்தான் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஊரார் எல்லாம், ஆறு நாள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்ததற்கு அவளைக் குறை சொன்னார்கள். அவளோ ஏழாம் நாள் போனதற்குத் தன்னையே நொந்துகொண்டிருந்தாள். அவளிடம் போய், இந்த வண்டியும் உங்கள் கையால்தான் போயிற்று என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அவள் உப்பை விட்டுவிடுவாள், பேட்டரியும் பிழைக்கலாம். மறுபடி இந்த மூலையில் குந்தி உட்கார்ந்து எதையாவது கேட்க அவளுக்கு நாக்கு எழும்புமா?

"சோறு போடுங்கம்மா" என்றான்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, டிப்போவில் ஒளித்து வைத்த கேனிலிருந்து ஊற்றினான். ஆனால் காலம் கடந்துவிட்டது. உப்பு ஏறிய எட்டுமே உள்ளுக்குள் அரித்துப்போயிருந்தன. மே மாதத்தில் முழு சார்ஜில் கார் ஆலப்பாக்கம் வரைகூடப் போகவில்லை. இன்னொரு செட் வாங்க வீட்டில் வழி இல்லை. நித்யா ஒரு நாள் சாப்பிடும்போது, "அந்த ஆண்டி மேல கன்ஸ்யூமர் கோர்ட்டுல கேஸ் போடப் போறேன். நீ எழுதி வெச்ச நோட்டுதான் சாட்சி" என்றாள்.

ஜேக்கப் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். அம்மா அடுப்படியில் ரசம் தாளித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்கும்.

"கேஸ் வேணாம்க்கா. அவுரு மேல தப்பு இல்ல."

"அப்ப யாரு மேல?"

"நாந்தான். கேன் தண்ணி பத்தலன்னு நம்ம போர் தண்ணிய அதுல கலந்து ஊத்தினேன். துருத் தண்ணி. ஆகாதுன்னு தெரியாது."

"எத்தினி தடவ?"

"ரொம்ப நாளா."

நித்யா அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். 'நீயா? இருக்காதுடா, நீ அப்படிச் செய்யறவன் இல்ல' என்று அவள் சொல்வாள் என்று அவன் எதிர்பார்த்தான். சொன்னால் என்ன பதில் சொல்வது என்றுகூட இரண்டு விதமாக யோசித்து வைத்திருந்தான். அந்தப் பதில்கள் தேவைப்படவில்லை.

"நான் அந்தாள நாலு பேரு முன்னாடி நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டேன்டா" என்றாள் மெல்ல. "நீ பக்கத்துல நின்னு தரையப் பாத்துக்கினு இருந்த."

தட்டிலேயே கையைக் கழுவினாள். எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குப் போனாள். அவ்வளவு சுலபமாக நம்பிவிட்டாள். தன்னைப் பற்றி அவனுக்கு இருந்த சந்தேகம் எல்லாம் அவளுக்கும் எப்போதிருந்தோ இருந்திருக்கிறது என்று அவனுக்குப் பட்டது.

அம்மா கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். "பாவி. நான் எவ்ளோ வேண்டிக்கினு இருந்தேன். எல்லாத்தையும் கெடுத்துட்டியே" என்றாள்.

மறுநாள் ஜேக்கப் ஆண்டியின் கடைக்குப் போய் அதே பொய்யைச் சொன்னான். ஆண்டி ஒரு பேட்டரியின் மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். "போர் தண்ணியா? உன்ன மாதிரி ஆளு?" என்றான். சந்தேகப்பட்ட ஒரே ஆள் அவன்தான். கொஞ்ச நேரம் புகையை ஊதிவிட்டு, "செரி. எனக்கு இன்னா. உங்கக்கா பேசினது நாலு பேரு முன்னால. நீ தனியா வந்து சொன்னா அது நேராயிடுமா?" என்றான். நித்யா அந்தச் சனிக்கிழமை ஆட்டோவில் போனாள். கடையில் ஆட்கள் சேரும் வரை காத்திருந்து, இறங்கி நின்று மன்னிப்புக் கேட்டாள்.

ஜூன் முதல் வாரத்தில் சிதம்பரத்தில் வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு கீழ்த்தள அறை கிடைத்தது. சௌந்தரம் டீச்சரே பார்த்துக் கொடுத்தார். பள்ளிக்கு அங்கிருந்து தினமும் ஆட்டோ. தாங்கிப் பிடிக்க அந்த வீட்டுக்காரப் பெண் இருப்பாள். கட்டில், மேசை, இரண்டு பெட்டி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எல்லாம் ஒரு சின்ன வேனில் அடங்கிவிட்டன. அவளை ஏற்றிவிடும்போது டிரைவர் முழங்கையைப் பிடித்தான். அவள் பிடித்துக்கொள்ள விட்டாள்.

ஜேக்கப் வேன் கதவருகே நின்றான். "நானும் வந்து கட்டில மாட்டிக் குடுத்துட்டு வர்றேன்க்கா."

"வேணாம். அங்க ஒரு ஆளச் சொல்லியிருக்கேன்." பிறகு ஞாபகம் வந்ததுபோல, "பாத்ரூம் குழாய் ஒழுகுது. பிளம்பரக் கூப்புடு. நீ கை வெக்காத" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வேன் தெருமுனை திரும்பியது. புஷ்பவள்ளி தன் வாசலில் நின்று எதுவும் கேட்காமல் உள்ளே போனாள். அம்மா அவன் முதுகில் கை வைத்தாள்.

"அவ பேசினத மனசுல வெச்சுக்காத. கோவம் தணிஞ்சா லீவுக்கு வருவா. ஆனா நீயும் இனிமே பாத்து நடந்துக்கணும்டா. அவளுக்கு நான் ஒருத்தியே எவ்ளோதான் காவல் இருக்கறது?"

"செரிம்மா."

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போட்டாள். சட்டியைத் துழாவி, எப்போதும் நித்யாவுக்கென்று ஒதுக்கி வைக்கிற பெரிய வஞ்சிரத் துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். அவன் வேண்டாம் என்று தட்டின் மேல் கையை நீட்டினான். அவள் அந்தக் கையை மெல்ல விலக்கினாள்.

"சாப்புடு" என்றாள். "தப்பு பண்ணிட்டா சோறு போடமாட்டாங்களா?"